படைவீடும் இளைஞர் விடுதியும்

மக்கட் பருவங்களுள் இளமையே எதனையும் எளிதில் ஏற்பதும், ஏற்றதனை எளிதில் விடாததுமாகிய பருவம். பசுமரத்தாணிபோல் அப்பருவத்திற் பதிந்தது நட்பாயினும் பகையாயினும் முதுமைகாறும் நின்று நிலவும். ஆதலின், ஒரு நாட்டார் தம் இளைஞரை எவ்விடத்தில் தங்குவிக்கின்றனர், எவரொடு பழகுவிக்கின்றனர் என்பது அந்நாட்டின் பிற்கால வரலாற்றையே உருவாக்குவதாகும். பள்ளிக்கூடங்களின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். பள்ளி விட்டபின் இளைஞர் கூடும் இடத்தையும், ஊர்விட்டு ஊர் செல்லுங்கால் அவர் தங்கும் இடத்தையும் பற்றி எழுதினோர் சிலரே. ஜெர்மனியில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பெற்று ஐரோப்பா முழுதும் பரவிய இளைஞர் விடுதியின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சொல்லும் பொருளும்

விடுதி என்னும் பொருளில் ஜெர்மானியர் வழங்கும் சொல் ‘ஹெர்பெர்கெ’ என்பது. சொல்லாராய்ச்சியுடையார் இதனை இரு கூறாகப் பகுப்பர். முற்கூறு படையையும் பிற்கூறு காப்பையும் உணர்த்துவன. எனவே, இச்சொல் தோன்றிய காலத்தில் படைஞர் தங்கும் பாசறையையே குறித்து நின்றது. நாளடைவில் அப்பொருள் மறைந்து, வழிச்செல்வோர் இராத்தங்கும் மனை என்னும் பொருள் நிலைபெற்றது. இச்சொல்லே பிரெஞ்சு மொழியிற் புகுந்து ‘ஓபெர்ஷ்’ எனத் திரிந்து சத்திரத்தைக் குறிப்பதாயிற்று. ஆங்கிலத்தில் துறைமுகத்திற்கு வழங்கும் ‘ஹார்பர்’ என்னும் சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இங்ஙனம் ஒரு சொல்லைப் பங்கிட்டுக்கொண்ட ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மூண்ட மூன்று பெரும்போர்களில் எதிரெதிர் நின்று பொருதனர். தந்தை விட்ட பகையை மகனும், மகன் விட்டதைப் பேரனும் கைக்கொண்ட காலம் அது. அக்காலத்தில் இவ்விடுதிகள் எய்திய ஏற்றத்தையும் இழிவையும் அறிந்தால், இளைஞர்க்கென அமைக்கும் இல்லம் எப்பொழுது நலம் பயக்கும், எப்பொழுது கேடு பயக்கும் என்பது தெற்றென விளங்கும்.

இடிமழை தந்த எண்ணம்

ரிச்சர்டு ஷிர்மன் என்பார் 1874-ஆம் ஆண்டில் கிழக்குப் பிரஷ்யாவிற் பிறந்தவர். ஆசிரியர்த் தொழிலை மேற்கொண்டு, நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த கெல்சன்கிர்ஹன் நகரிலும், பின்னர் இரும்புக்கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர்போன ஆல்டெனா என்னும் ஊரிலும் பணியாற்றினார். ஆலைப் புகையையும் நெருங்கிய தெருக்களையும் கண்டு வளரும் தொழிலாளர் பிள்ளைகளைக் காட்டிற்கும் மலைக்கும் அழைத்துச் சென்று, மரத்தையும் ஆற்றையும் கல்லையும் நேரிற் காட்டிக் கற்பித்தலே கல்வி என்பது அவர் துணிபு.

நடைப்பயணம் மேற்கொள்ளும் இளைஞர் கூட்டங்கள் அக்காலத்து ஜெர்மனியில் இல்லாமல் இல்லை. திரியும் பறவை எனப் பொருள்படும் ‘வாண்டர்போகல்’ என்னும் இயக்கம் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸ் என்னும் ஊரில் 1901-ஆம் ஆண்டில் முறைப்படி நிறுவப்பெற்றது. ஆயின், அதிற் பெரும்பாலும் சேர்ந்தோர் உயர்தரப் பள்ளிகளிற் பயின்ற நடுத்தரக் குடும்பத்து மாணாக்கரே. ஆரம்பப் பள்ளியிற் பயிலும் ஏழைச் சிறுவன் புறப்பட விரும்பினாலும், இரவில் தலைசாய்க்க இடம் வேண்டுமே. சத்திரத்திற்குக் கூலி கொடுக்க அவனிடத்துப் பொருள் ஏது?

1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் ஷிர்மன் தம் மாணாக்கருடன் எட்டு நாள் நடைப்பயணமாக ஆல்டெனாவினின்று ஆஹன் நகர் நோக்கிச் செல்லலாயினார். பிரோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் அவர்களைச் சூழ்ந்தன. ஒதுங்க இடமின்றி அலைந்தவர்க்கு ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கதவு திறந்தது. வகுப்பறை ஒன்றைத் தங்கிக்கொள்ள ஈந்தனர். குடியானவர் ஒருவர் படுக்கைக்கு வைக்கோலும், இரவு உணவுக்குப் பாலும் தந்தார். சிறுவர் உறங்கினர். புயல் இரவு முழுதும் ஓயவில்லை, ஆசிரியரும் உறங்கவில்லை. விடுமுறை நாள்களில் நாட்டிலுள்ள பள்ளிகள் வறிதே பூட்டிக் கிடக்கின்றன. ஒரு நாள் நடைத்தொலைவிற்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவைத்தால் எத்துணைப் பிள்ளைகள் நாட்டைக் கண்டு மகிழ்வர் என்னும் எண்ணம் அவர்க்கு அவ்விரவில் தோன்றியது.

இவ்வெண்ணத்தை எழுதி, 1910-ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துப் பெருநாளிதழ் ஒன்றில் வெளியிட்டார். அதனைக் கற்றோர் பலர் பொருளுதவினர். ஷிர்மன் தாம் பணியாற்றிய பள்ளியிலேயே விசுப்பலகைகளை ஓரந்தள்ளி, வைக்கோல் மெத்தைகளை விரித்து, வந்தோரைத் தங்குவித்தார். கோவிலும் கோட்டையும் கட்டுவித்தோர் பெயரை வரலாறு பெரிதாகப் பேசும். பூட்டிய பள்ளியைத் திறக்கச் சொன்ன இவ்வாசிரியர் செயல் அவற்றினும் சிறிதன்று என்பது எம் கருத்து.

கோட்டையிற் புகுந்த சிறுவர்

ஆல்டெனா ஊரின் மேலே, குன்றின்மீது, இடைக்காலத்துக் கோட்டை ஒன்றுண்டு. அதனைப் புதுக்கியபொழுது, 1912-ஆம் ஆண்டில், ஷிர்மன் அதனுள் நிலையான இளைஞர் விடுதியை அமைத்தார். உலகில் இவ்வகை விடுதிகளுள் முதலாவது இதுவே. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குடைய மரக்கட்டில்கள் இடப்பெற்ற அவ்வறைகள் இன்றும் காட்சிச்சாலையாகப் போற்றப்படுகின்றன. பகைவரைத் தடுக்கக் கட்டிய மதிலினுள் வழிநடைச் சிறுவர் கண்படுத்தனர்.

வில்ஹெல்ம் மூங்கர் என்னும் பெரியார் ஷிர்மனுக்கு வலக்கை போன்று துணைநின்றார். அவ்விருவர் முயற்சியால் 1919-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இளைஞர் விடுதிச் சங்கம் நிறுவப்பெற்றது. விடுதிகளில் வழங்கிய முறை எளிது. கட்டணம் மிகச் சிறிது. விடுதியைக் காக்கும் கணவனும் மனைவியும் ‘விடுதித் தந்தை’, ‘விடுதித் தாய்’ எனப்பெற்றனர். தங்குவோர் தம் படுக்கையைத் தாமே விரித்து மடித்தல் வேண்டும். உண்ட கலத்தைத் தாமே கழுவல் வேண்டும். தரையைத் தாமே பெருக்கல் வேண்டும். மதுவும் புகையும் விலக்கு. செல்வர் மகனுக்கெனத் தனி அறை இல்லை; துடைப்பம் இருவர்க்கும் ஒன்றே. உழைப்பிற் சமமாயினார் பின்பு பேச்சிலும் சமமாதல் இயல்பன்றோ?

போர்முனையில் ஒரு திருநாள்

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஷிர்மனும் படையிற் சேர்ந்து, பிரான்சின் எல்லைப்புறத்து வோஷ் மலைத்தொடரில் நின்ற அணியிற் பணிசெய்தார். 1915-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் தாம் ஆண்டுக் கண்டதனை அவரே பின்னர் எழுதியுள்ளார். பின்புறத்து ஊர்களில் கோவில் மணி ஒலித்தபொழுது, எவர் ஏவலுமின்றி இருதிறத்துப் படைஞரும் சுடுதலை நிறுத்தினர். கைவிடப்பட்ட சுரங்க வழிகளினூடே ஒருவரிடம் ஒருவர் சென்றனர். பிரெஞ்சுக்காரர் மதுவும் சுருட்டும் தந்தனர். ஜெர்மானியர் தம் நாட்டுக் கறுப்பு ரொட்டியும் பன்றியிறைச்சியும் தந்தனர். பின்னர்ப் படைக்கட்டுப்பாடு திரும்பியது, குண்டுகளும் திரும்பின.

அந்நிகழ்ச்சி ஷிர்மன் உள்ளத்தில் மற்றொரு வித்தை ஊன்றியது. ஒருவரையொருவர் கொல்லுமாறு ஏவப்பட்டவரே ஒரு பொழுது கூடியிருந்து உண்ண வல்லராயின், கொலைக்கருவி கையேந்துமுன்னரே எல்லா நாட்டு இளைஞரும் கூடிப்பழகத் தக்க இடங்கள் இருப்பின் என்னாம் என்று எண்ணினார். ஏழைச் சிறுவர்க்கு இராத்தங்க இடம் என்று தொடங்கிய கருத்து, பன்னாட்டு இளைஞர்க்குச் சந்திப்பிடம் என விரிந்தது.

அவ்விரிவு போருக்குப்பின் செயலாயிற்று. சுவிட்சர்லாந்தில் 1924-ஆம் ஆண்டிலும், ஹாலந்தில் 1929-ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டிலும் விடுதிச் சங்கங்கள் எழுந்தன. ஜெர்மனியில் மட்டும் 1930-களின் தொடக்கத்தில் விடுதிகளின் தொகை 2,000-க்கு மேற்பட்டது. 1932-ஆம் ஆண்டு அக்டோபரில் பதினொரு நாட்டுச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிப் பன்னாட்டு இணைப்பை உண்டாக்கின. அதன் தலைமை ஷிர்மனை அடைந்தது.

மீண்டும் படைவீடு

இனி வருவதே இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. ஆம்ஸ்டர்டாம் கூட்டம் முடிந்து ஆறு திங்கள் கழியுமுன்னரே ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933-ஆம் ஆண்டில் விடுதிச் சங்கம் முழுதும் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குள் கொண்டுவரப்பட்டது. அப்படையின் தலைவர் பால்டூர் பான் ஷிராக் சொல்வதே விடுதிகளிற் சட்டமாயிற்று. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் நாட்டின் இளைஞர் அனைவரும் ஹிட்லர் இளைஞர் படைக்கு உரியர் என்று சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அரசின் நெருக்குதலால் ஷிர்மன் பன்னாட்டுத் தலைமையினின்று விலகினார்.

கட்டடம் மாறவில்லை, கட்டில் மாறவில்லை, காடும் மலையும் மாறவில்லை. காலையிற் பாடி நடந்த பிள்ளைகளும் அதே பருவத்தினரே. மாறியவை இரண்டு: வாயிலில் நின்று ‘நீ யார்?’ என்று கேட்கும் கேள்வியும், திறவுகோலை வைத்திருக்கும் கையும். அவ்விரண்டும் மாறியதும், பிறரைக் காணவந்த நடைப்பயணம் பிறரை வெல்லப் பழகும் அணிநடையாயிற்று. ‘ஹெர்பெர்கெ’ என்னும் சொல் தன் பழம்பொருளுக்கே மீண்டு, படைவீடாயிற்று.

இரண்டாயிரம் விடுதிகள் எங்ஙனம் இத்துணை விரைவில் வீழ்ந்தன என வினவலாம். கொடுங்கோலின் வலியே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், மற்றொரு காரணமும் எமக்குப் புலனாகின்றது. அவ்விடுதிகள் இளைஞர்க்காக அமைந்தனவே அன்றி இளைஞரால் ஆளப்பட்டன அல்ல. பிள்ளைகள் தரை பெருக்கினர்; ஆயின் விடுதியின் கொள்கையை வகுக்கும் அவையில் அவர்க்கு இருக்கை இல்லை. நாட்டிலுள்ள விடுதிகளெல்லாம் ஒரு சங்கத்தின்கீழ் அமைந்திருந்தமையால், அச்சங்கத்தின் தலைமையைப் பற்றியவர் அத்தனை வாயிலையும் பற்றினர்.

பகைநிலத்தில் ஒரு பயிர்

1945-ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபொழுது, ஜெர்மானிய நகரங்கள் பல சாம்பலாய்க் கிடந்தன. முதுமை எய்திய ஷிர்மன் விடுதிகளை மீட்டும் எழுப்பும் பணியில் இறங்கினார். 1949-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விடுதிச் சங்கம் புத்துயிர் பெற்றது. அவர் 1961-ஆம் ஆண்டில் காலமாயினார். அவர் வோஷ் மலையிற் கண்ட கனவு அரசுகளுக்கிடையே உடன்படிக்கையாக மலர்ந்தது அதன்பின் இரண்டாம் ஆண்டில்.

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தெகோல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் ஜெர்மானிய இளைஞரை நோக்கி, அவர்தம் தாய்மொழியிலேயே சொற்பொழிவாற்றினார். முதல் உலகப்போரில் ஜெர்மானியரால் சிறைப்பிடிக்கப்பட்டவர் அவர். இரண்டாம் போரில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுக்காரரின் தலைவரும் அவரே. அத்தகையார் பகைவர் மக்களை அவர் மொழியிலேயே விளித்தமை கேட்டோரைக் கனிவித்தது. 1963-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் அவரும் ஜெர்மானிய முதலமைச்சர் அடெனவரும் எலிஸே உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அதன் பயனாக அவ்வாண்டு ஜூலைத் திங்களிற் பிரெஞ்சு–ஜெர்மானிய இளைஞர் அலுவலகம் தோன்றியது.

அது செயலாற்றும் முறை கருதத்தக்கது. பெரும்பாலும் தானே கூட்டம் கூட்டுவதன்று அதன் வேலை. இருநாட்டுப் பள்ளிகள், விளையாட்டுக் கழகங்கள், இணையூர்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியன தம்முள் இளைஞரைப் பரிமாறிக்கொள்ளப் பொருளுதவுகின்றது. பிரெஞ்சு மாணவி ஒருத்தி ஜெர்மானியக் குடும்பத்தில் தங்கி அவர்தம் உணவை உண்டு மொழி பயில்கின்றாள். பின்னர் அவ்வீட்டு மகள் பிரான்சிற்குச் செல்கின்றாள். இதுகாறும் இங்ஙனம் சென்று வந்தோர் தொண்ணூறு இலட்சத்திற்கு மேற்பட்டவர். இதன் நன்மை கண்டு, ஜெர்மனியும் போலந்தும் 1991-ஆம் ஆண்டில் தமக்கும் ஓர் அலுவலகம் அமைத்துக்கொண்டன. உள்நாட்டுப் போரால் சிதைந்த மேற்குப் பால்கன் நாடுகளும் 2016-ஆம் ஆண்டில், திரானா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, இத்தகைய நிலையம் ஒன்றனை நிறுவ உடன்பட்டன.

திறவுகோலிற் பங்கு

விருந்தோம்பல் இருந்தது, பன்னாட்டுறவும் வந்தது. எஞ்சிநின்ற குறை, இளைஞர்க்கு ஆட்சியிற் பங்கின்மையே. அக்குறை தீர்ந்த இடம் ஸ்டிராஸ்பர்க் நகரம். ரைன் ஆற்றங்கரையிலுள்ள அந்நகர் 1871-ஆம் ஆண்டில் ஜெர்மானியர்க்கும், 1918-இல் பிரெஞ்சுக்காரர்க்கும், 1940-இல் மீண்டும் ஜெர்மானியர்க்கும், 1944-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர்க்கும் உரியதாயிற்று. ஒரே வீட்டிற் பிறந்து வளர்ந்த கிழவி ஒருத்தி, வீட்டைவிட்டு அசையாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். அத்தகைய நகரைத் தேர்ந்து, 1949-ஆம் ஆண்டில் தோன்றிய ஐரோப்பிய மன்றம் தன் இருப்பிடமாகக் கொண்டது.

அம்மன்றத்தார் 1960-களில் இளைஞர் தலைவர்க்குச் சோதனை முறையிற் பயிற்சி வகுப்புகள் நடத்தினர். 1968-ஆம் ஆண்டில் பாரிஸ் முதலிய நகரங்களில் மாணவர் கிளர்ச்சி பொங்கியது. இளைஞர் வாழ்வைப் பற்றி முதியோர் மட்டும் கூடி முடிவுசெய்தல் இனிச் செல்லாது என்பது அரசினர்க்கும் புலனாயிற்று. 1972-ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க்கில் ஐரோப்பிய இளைஞர் மையமும், அதனுடன் இளைஞர் கழகங்களுக்குப் பொருளுதவும் நிதியமும் நிறுவப்பட்டபொழுது, அவற்றின் ஆட்சியில் அரசாங்கங்களின் பிரதிநிதிகளும் இளைஞர் இயக்கங்களின் பிரதிநிதிகளும் ஒத்த உரிமையுடன் அமர்ந்து முடிவுசெய்யும் முறை வகுக்கப்பெற்றது. இதனை இணையாட்சி எனலாம். எப்பாடம் நடத்துவது, எதற்குப் பொருள் ஒதுக்குவது என்பவற்றில் இருபதாண்டு இளைஞன் சொல்லும் அமைச்சரகத்து அலுவலர் சொல்லும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

அம்மையத்தில் தங்கும் அறைகளும் கூடும் அவைகளும் உண்டு. பல நாட்டு இளைஞர் ஒரு வார அளவில் உடனுறைந்து, மனித உரிமை, இனவெறுப்பு, சிறுபான்மையோர் நிலை முதலியவற்றைப் பற்றி உசாவுகின்றனர். கிழக்கு ஐரோப்பாவிற் பொதுவுடைமை ஆட்சிகள் வீழ்ந்தபின், 1995-ஆம் ஆண்டில், புடாபெஸ்ட் நகரில் இரண்டாம் மையம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் இனவெறுப்பு மீண்டும் தலைதூக்கக் கண்டு, ‘எல்லோரும் வேறு, எல்லோரும் சமம்’ என்னும் கருத்துடைய இயக்கம் நாடுதொறும் நடத்தப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. வேற்றுமையை மறைக்காமல், வேற்றுமையோடே சமம் என்று கூறியமை அவ்வியக்கத்தின் சிறப்பு.

ஒரு தடையும் விடையும்

‘சில நாள் உடனுண்டு உறங்கினால் நூற்றாண்டுப் பகை நீங்குமோ? ஆம்ஸ்டர்டாமிற் கூடிய நாடுகளே ஏழாண்டிற் போரிடவில்லையோ? மையங்கள் பல இருந்தும் 1990-களில் யூகோஸ்லாவியா குருதியில் மூழ்கவில்லையோ?’ என்று தடைநிகழ்த்துவார் உளர். தடை நேரியதே. விடுதி போரை நிறுத்தாது. பிரான்சையும் ஜெர்மனியையும் பிணித்தவற்றுள் நிலக்கரி, எஃகு ஆகியவற்றின் பொது ஆட்சியும், வாணிக உடன்பாடுகளும் முன்னிற்பன. ஆயின், அரசர் எழுதும் உடன்படிக்கை ஏட்டில் நிற்பது. அது நெஞ்சில் நிற்க வேண்டுமாயின், எதிர்நாட்டானின் முகமும் பெயரும் அறிந்தோர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். தன்னோடு ஒரு கலத்திற் கஞ்சி பகிர்ந்தவனை ‘அவன் இனமே அப்படிப்பட்டது’ என்று பிறர் பழிக்கும்போது, ‘அன்று, யான் அறிவேன்’ என்று மறுக்கும் வாய் ஒன்று உண்டாகும். விடுதி தருவது அவ்வொரு வாயே. அது சிறிதென்று தள்ளத்தக்கதன்று.

நாம் கொள்ளத்தக்கது

நம் முன்னோர் ஊர்நடுவே பொதியில் அமைத்தனர்; பெருவழிகளிற் சத்திரமும் சாவடியும் கட்டுவித்தனர். அவர்வழி வந்த நம்மவரும் வெளியூர்களிற் பயிலும் பிள்ளைகட்கு மாணவர் விடுதிகள் எழுப்பியுள்ளனர். சந்தா திரட்டியும், கல்லும் மரமும் கொடுத்தும் அவற்றை எழுப்பிய பெரியோரின் உழைப்பு போற்றற்குரியது. தம் பிள்ளைகட்கு வேறெங்கும் இடம் கிடையாத காலத்தில் அவர்கள் தமக்கென ஒரு கூரை வேய்ந்துகொண்டனர், அது தவறன்று. ஆயினும், கூரை வேய்ந்ததனோடு நம் கடன் முடிந்துவிடாது என்பதை ஆல்டெனாக் கோட்டை நமக்கு உணர்த்துகின்றது.

விடுதி நடத்துவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத் தக்கன மூன்று. வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் நாம் முதலிற் கேட்பது அவன் தேவையையா, அவன் பிறப்பையா? உள்ளிருக்கும் பிள்ளைகள் துடைப்பமும் கலமும் ஏந்திச் சமமாக உழைக்கின்றனரா, ஒருவர் ஏவ ஒருவர் செய்கின்றனரா? விடுதியின் கணக்கையும் கட்டளையையும் ஆராயும் அவையில் அப்பிள்ளைகட்கும் ஓர் இருக்கை உண்டா? முதல் வினாவிற்கு நம் விடையைக் கேட்டு அயலார் பிள்ளை திரும்பிச் செல்வானாயின், அவனை நம் பிள்ளை என்றுமே அறியான். அறியாதவனைப் பற்றி எவர் எது சொல்லினும் நம்புவான். மூன்றாம் வினாவிற்கு விடை இல்லையாயின், நாளை எவர் வந்து அவ்வில்லத்தின் தலைமையைப் பற்றுவர் என்பது நம் கையில் இல்லை.

ஷிர்மன் செல்வர் அல்லர், அரசியலாரும் அல்லர், நாள்தோறும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரே. பிரோல் பள்ளத்தாக்கில், பெயர் தெரியாத பிள்ளைகட்குப் பள்ளிக்கதவைத் திறந்தவர் ஒருவரும், வைக்கோல் தந்தவர் ஒருவரும் இருந்தமையால் அவர் எண்ணம் பிறந்தது. நம் விடுதிகளின் ஆட்சிக்கழகத்தார் வரும் ஆண்டுக் கூட்டத்தில் மேற்கூறிய மூன்று வினாக்களையும் எடுத்து ஆராய்வாராக என வேண்டி, இதனை முடிக்கின்றோம்.